அம்மணி எடுத்த பட்டு

ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். காலையிலிருந்து ஊர் சுற்றிக் காட்டியதற்கு அம்மணி தர வேண்டிய ஆட்டோ வாடகை அது. அவளோ பர்ஸில் இருந்ததில் பெரும்பகுதியை தறிக்கார வீரபாகுவிடம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரன் சக்கரவர்த்தி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு வண்டிக்கு டியூ கட்டியாக வேண்டும்.

காலையில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் தனியாக இறங்கி நின்றாள். முகமும் காலும் உப்பிப் போயிருந்தன. "வாரம் ரெண்டு வாட்டி வேலூர்ல டயாலிசிஸ். இன்னிக்கு அதுக்கு லீவு. பாக்காத எடத்த எல்லாம் பாத்துடணும் தம்பி" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

படவேட்டில் அம்மனைக் கண்குளிரப் பார்த்தாள். பூசிமலைக்குப்பத்துப் பாழடைந்த மாளிகையில் நாலு படி ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சக்கரவர்த்தி பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்ட, மூடியில் ஊற்றி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள்.

"இதுக்கு மேல குடிச்சா டாக்டரு திட்டுவாரு. செலவே வெக்காத பொம்பள நானு!"

"வூட்டுக்காரரு கூட வரலியாக்கா?"

"என்னத் தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடறதே அவருக்கு பொழப்பாப் போச்சி. ஒரு நாளாவது வுட்டுட்டு வருவோம்னு வந்துட்டேன்."

திரும்பும்போதுதான் பட்டு எடுக்கணும் என்றாள். வீரபாகு அரக்கு நிறத்தில் ஒன்றை விரித்துப் போட்டார்.

"பொண்ணு கல்யாணமாம்மா? இதக் கட்டிக்கினு மணவறையில குந்துனா மாப்ள தாலியவே மறந்துடுவான்."

அம்மணி சிரித்தாள். "இதையே குடுங்க."

"ஜாக்கெட்டு துணி வெட்டிரட்டா? பால்ஸ் அடிக்கணுமா?"

"ஒண்ணும் வேணாங்க. மடிப்பு கலையாம குடுத்தா போதும்."

ஆட்டோ பஸ் ஸ்டாண்டை நெருங்கியபோது பர்ஸைக் கவிழ்த்துப் பார்த்தாள். "நானூறுதான் தம்பி இருக்குது. மீதிய அடுத்த வாரம் இந்த வழியா ஆஸ்பத்திரிக்குப் போறப்போ..."

சக்கரவர்த்திக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாக்கா நீ! பொண்ணுக்குப் பட்டு எடுக்கத் தெரியுது, வெயில்ல உன்ன வெச்சினு சுத்துனவன் கண்ணுக்குத் தெரியலியா? மொய் வைக்கவும் நானே வரட்டா?"

"பொண்ணு ஏது தம்பி எனக்கு?" அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான். கூடப் பொறந்தவங்க யாருமில்ல. நான் கண்ண மூடற அன்னிக்கு எங்க வூட்டு சார்புல ஒரு கோடி கூட வரலியேன்னு மாமியா வூட்ல பேச்சு வந்துடக் கூடாதில்ல. அதான் எனக்கு நானே எடுத்துக்கினேன்."

வண்டி ஓரமாக நின்றது. அவள் நூறு ரூபாய் நோட்டுகளை நீட்டினாள். சக்கரவர்த்தி அவற்றைத் தொடவில்லை. அவள் மடியில் இருந்த புடவைப் பையை எடுத்துத் சீட்டில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான்.

"காச உள்ள வையிக்கா. உன் பொறந்த வூட்டுக் கோடிய நான் எடுத்தாந்து போத்தறேன்."