கிணற்றடியில் திறந்த எண்ணெய்ப் புட்டி

உச்சி வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கிக் கிடக்கிறது. உடையார்பாளையத்து முந்திரிக்காட்டோரம், அந்தக் கிணற்றுமேட்டில் குந்தியிருக்கும் சிந்தாமணிக்குப் புருஷன் செய்வது ஒன்றும் பிடிபடவில்லை. பம்பாய்ப் பக்கம் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்க்கிறான் காசிநாதன். லீவு முடிந்து சாயங்காலம் பஸ் ஏறவேண்டியவன், நல்லெண்ணெய்ப் புட்டியில் கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறான். "கடலடியில குழாய் வெடிச்சா எண்ணெயும் கேஸும் இப்படித்தான் மேல வரும். பார்த்த ஒடனே படகுல ஏறிடுவோம். நீ பயப்படாத." தக்கையில் கட்டிய நூலைச் சுண்டுகிறான். புட்டிக்குள் இருந்த காற்று மட்டும் குபுக்கென்று கயிற்றை ஒட்டி வந்து உடைகிறது. "பார்த்தியா?" என்கிறான். எண்ணெயைக் காணோம். இருவரும் கயிற்றடியையே குனிந்து பார்க்கிறார்கள். கிணற்றுச் சுவரில் ஒளி நெளிகிறது; அவளது வளையல் கல்லில் உரசிக் கிறீச்சிடுகிறது. ஊற்று தள்ளிக்கொண்டு போயிருக்கிறது போலும், எதிர்ச்சுவர் ஓரமாகப் பொட்டுப் பொட்டாய் மஞ்சள் மிதக்கிறது. "அந்தா, அங்க வருது பாருங்க!" என்கிறாள். "கடல்ல நீரோட்டம் இன்னும் தூரமா இழுத்துட்டுப் போயிடும். ரொம்ப ஆழம்னா கேஸுகூட வர்ற வழியிலேயே தண்ணியில கரைஞ்சுடும்னு எங்க ட்ரெய்னிங் சார் சொன்னாரு," என்றவன், சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோலச் சட்டென்று நிறுத்திக்கொள்கிறான். சிந்தாமணி தண்ணீரையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "அப்ப எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிப்பீங்க?" கயிறு அவன் கையில் தொய்கிறது. கண்கள் கிணற்றின் நான்கு சுவர்களையும் சுற்றிச் சுற்றி வருகின்றன.