ஆறு கையெழுத்து

"எந்த முட்டாள்மா இந்த வரியை விட்டது?"

கேப்டன் கைத்தடியால் என் மேஜையைத் தட்டினார். அவர் ஓய்வு பெற்று முப்பது வருடம் ஆகிறது. அந்தத் தட்டல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பழைய பேரேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு எரித்துவிட்டார்கள், ஏற்றும்போது விட்டுப்போயிருக்கும் என்றேன். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன்.

வீரப் பதக்கம் அவர் கோட்டில் பளபளவென்று தொங்கியது. காகிதத்தில்தான் இல்லை. அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள். பதக்கம் ஏறிய பணிப்பதிவு நகல் வராமல் பெயர்ப்பலகை எழுத மாட்டோம் என்று விழாக்குழு கறாராகச் சொல்லிவிட்டதாம்.

திருத்தம் கேட்கும் படிவம் எட்டுப் பக்கம். ஆறு இடத்தில் கையெழுத்து. ஆறிலும் நான் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன்.

முப்பத்திரண்டு வருடமாக இந்தப் படைப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கற்றுக்கொண்டேன். உத்தரவு போட்டே பழகியவர்கள் படிவத்தைப் படிக்க மாட்டார்கள். குறியைத் தேடுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், அடுத்த குறியைத் தேடுவார்கள்.

கேப்டனும் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது கையெழுத்து ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் என் அப்பா மூன்று முறை மனுப் போட்டார்.

அப்பா அவருடைய பிரிவில் டிரைவர். பாலத்தருகே குண்டு விழுந்த காலையில், காயம்பட்ட மூன்று பேரை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி வந்தவர். கேப்டன் எழுதிய அறிக்கையில் எல்லாம் தலைகீழ். தூக்கி வந்தது கேப்டனாம். வண்டியை விட்டு ஓடியது டிரைவராம். அவர் பதக்கம் வாங்கினார். அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவக் கூடாரத்துப் பதிவேட்டைப் பாருங்கள், யார் யாரைக் கொண்டுவந்தார்கள் என்று அதில் இருக்கும் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது சீல் வைத்து உள்ளறையில் கிடந்தது. திறக்க வேண்டுமானால் அன்றைய அதிகாரி சம்மதிக்க வேண்டும். மூன்று மனுவுக்கும் ஒரே பதில் வந்தது. அதிகாரி சம்மதிக்கவில்லை.

எங்கள் தெருவில் அப்பாவுக்கு 'ஓட்டக்காரர்' என்று பெயர். தபால்காரர்கூட ஓட்டக்காரர் வீடு எது என்றுதான் விசாரிப்பார். சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபத்தையெல்லாம் ஒரே ஆளுக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

ஐந்தாம் பக்கத்தில் பேனா நின்றது.

படிக்கிறாரோ?

இல்லை. பேனாவில் மை தீர்ந்திருந்தது. என் பேனாவை நீட்டினேன்.

போட்டார். ஐந்தையும் ஆறையும் போட்டார்.

கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன். பதக்கத் திருத்தம் என்றால் விண்ணப்பித்தவர் முன்னிலையிலேயே சீலை உடைத்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. விதிக்கு வெளியே தும்மக்கூட மாட்டார் அந்த மனிதர். பதிவேட்டை எடுத்து வந்து நூலை வெட்டினார்.

நானும் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா சொன்ன சொல் ஒன்றுதான் கையிருப்பு. கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

காலை ஒன்பது மணி, காயம்பட்டோர் மூவர். கொண்டுவந்தவர், டிரைவர். அவருக்கும் இடது தோளில் குண்டுக்காயம். அதற்கு மேல் வரியில், முந்தைய இரவு முதல் காய்ச்சலோடு படுக்கையில் இருப்பவர், கேப்டன்.

மளிகைப் பட்டியல் வாசிக்கிற குரலில்தான் வாசித்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லலாமா என்றுகூட ஆசை வந்தது.

பதிவேடு பொய் என்றார் கேப்டன். எழுதிய கம்பவுண்டர் குடிகாரன் என்றார். கண்காணிப்பாளர் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பதிவேட்டைத் திறக்கச் சம்மதிக்கிறேன், அதில் உள்ளதே முடிவு என்று ஏற்கிறேன். கீழே அவர் கையெழுத்து, என் பேனா மையில்.

இழுப்பறையிலிருந்து நான்காவது மனுவை எடுத்து அதன்மேல் வைத்தேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிவிட்டதால் அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாள். 'ஓடியவர்' என்பதை நீக்க வேண்டும், பதக்கத்தை உரியவர் பெயரில் ஏற்ற வேண்டும். கண்காணிப்பாளர் பதிவேட்டை ஒருமுறை பார்த்தார், மனுவை ஒருமுறை பார்த்தார், முத்திரையை எடுத்துக் குத்தினார்.

கேப்டன் அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"டிரைவரோட மூத்த பொண்ணுங்க ஐயா."

கைத்தடியை எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை எதையும் தட்டவில்லை.

அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். அழுது முடித்து என்னை அறைந்திருப்பார். ஒருவருடைய பதிவில் ஓர் எழுத்தைக்கூட இன்னொருவர் தொடக் கூடாது என்பார். அப்படித் தொட்டதால் அடிபட்ட மனுஷன்.

பதினோரு வருடம் முன்பு பேரேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். நாலாயிரம் பேர். கேப்டனின் எண், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, எல்லாவற்றையும் ஒரு பிழையில்லாமல் அடித்தேன். பதக்கம் என்ற கட்டம் வந்ததும் எழுந்து டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து அடுத்த பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.