பொறுமைசாலி

நாற்பது நாளுக்கே இந்தக் கொண்டாட்டம் என்றால், அடுத்த மாதம் சிலையே வைத்துவிடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள் அவள். கூடத்தில் கணவன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"வீட்டுல சிகரெட் நாத்தமே இல்ல. உன் பொறுமை யாருக்குடா வரும்?" என்றாள் மாமியார்.

"லேசுப்பட்ட காரியமாம்மா? எரிச்சல், கத்தல், தூக்கம் கெட்டது, எல்லாத்தையும் தாங்கினேன்."

நாத்தனார் கைபேசிக் கேமராவை அவள் பக்கம் திருப்பினாள். "அண்ணி, அண்ணனைப் பாராட்டி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. குடும்ப குரூப்புல போடறேன்."

அவள் நிகோடின் சூயிங்கத்தை நிதானமாக மென்றாள். சிகரெட்டை விட்டவள் அவள்தான். இந்த நாற்பது நாளில் எப்படி இருக்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.

"சொல்லேன், உன்னைத் திருத்தினவன் நான்தானே," என்றான் கணவன்.

"நான் சொல்லலைங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கேமராவைக் கையால் மூடினாள்.