சிவப்பு மைத் திருத்தம்

கல்முனைக்குடி மர்சூக்குக்குக் கிளாக்கர் சோதனைக்கு இன்னும் ஆறே நாள். 'லுக்' என்ற இங்கிலீசுச் சொல்தான் அவனை வாட்டியது. பின்னால் 'ஆஃப்டர்' வந்தால் பராமரிப்பது, 'ஃபோர்' வந்தால் தேடுவது, 'இன்டு' வந்தால் விசாரிப்பது!

தினமும் இருபது வாக்கியம் எழுதிக் கூட்டாளி ஜுனைதீனிடம் கொடுப்பான். மறுநாள் கொப்பி சிவப்பு மைத் திருத்தங்களோடு திரும்பி வரும்.

இன்றைக்குக் கொப்பியை வாங்கிய ஜுனைதீன் தயங்கினான். "மச்சான், எங்கட தங்கச்சிய உனக்குப் பேசலாமாண்டு வாப்பா கேக்கச் சொன்னார்."

"கோவிக்காத. கிளாக்கராகப் போறவனுக்கு இங்கிலீசு தெரிஞ்ச பொண்டாட்டி வேணும். உன்ட தங்கச்சி பெரியபிள்ளையான நாள்ல இருந்து பள்ளிக்கூடமே போகல்லையே?"

"ஓம். வீட்டுக்குள்ள இருந்து என்ட புத்தகங்களத்தான் படிக்கிறா," என்று சிரித்துவிட்டுப் போனான் ஜுனைதீன்.

மறுநாள் வந்த கொப்பியில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

மர்சூக் துள்ளினான். "இருபதும் சரியாடா?"

"பதினொண்டு பிழையாம்," என்றான் ஜுனைதீன். "ஆனா, இனிமேல் திருத்த மாட்டாவாம். இங்கிலீசு தெரிஞ்ச பொண்டாட்டி வந்து திருத்தட்டுமாம்."