வலைச் சிவப்பு

குடங்களைப் பார்த்ததும் அம்மையப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

வண்ணார்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் வரிசையாகக் குடங்கள். கல்யாணத்தின் நாலாம் நாள் நீராட்டுக்கு எல்லாவற்றிலும் மஞ்சள் நீர். நடுவில் மணை போட்டு மாப்பிள்ளையையும் மணப்பெண் கோமுவையும் உட்கார்த்தியிருந்தார்கள்.

கோமு உடுத்தியிருந்தது அம்மையப்பன் நெய்த கூறைச் சேலை.

"மாத்துச் சேலை உடுத்தலையா?" என்று பக்கத்தில் நின்றவரிடம் பைய விசாரித்தான்.

"நாலாம் நீருக்கும் கூறைச் சேலைதான். இந்த வீட்டு வழக்கம்லா. நீரு ஏன் வே பேயறைஞ்ச மாதிரி நிக்கீரு? உமக்குச் சால்வை போடத்தானே பொண்ணு வீட்டுப் பிள்ளைவாள் வரச் சொல்லியிருக்காரு?"

நிற்காமல் என்ன செய்வான்? முகூர்த்தத்துக்கு உடுத்திவிட்டுப் பெட்டியில் மடித்து வைக்கிற பட்டு என்றல்லவா நினைத்திருந்தான்.

அந்தச் சேலையின் கரையில் இதுவரை ஒரு சொட்டு ஆற்றுத் தண்ணீர் பட்டதில்லை.

சீமைச் சாயப் பொட்டலம் வந்த நாளிலிருந்து வீரவநல்லூரில் எல்லாத் தறியிலும் ஒரே சிவப்பு. எவனிடமும் இல்லாத சிவப்பு ஒன்று வேண்டும் என்று ஆற்றோடு கிளம்பியவன் அம்மையப்பன். பாபநாசம் வரை ஏறிப் பார்த்தான். மலை பச்சையைத்தான் காட்டியது.

பத்தமடையில் பாய் நெய்யும் பீர் மைதீன்தான் வழி சொன்னார். "மேல என்ன வே கெடக்கு? கீழ போயிப் பாரும்."

கீழே, ஆறு கடலில் விழும் புன்னக்காயலில், மணலில் காய்ந்துகொண்டிருந்தது அந்தச் சிவப்பு. மீன்வலைகள்! அந்தி வானத்தை அவித்துப் பிழிந்த நிறம்.

வலைக்குச் சாயம் ஏற்றும் சவரிமுத்துவுக்கு ஒளிவு மறைவு தெரியாது. பட்டையைக் காட்டினான். உப்புத் தண்ணீரில் காய்ச்சும் பக்குவத்தைக் காட்டினான். செதில் ஒட்டிய தன் கொப்பரையிலேயே பட்டு நூலை முக்க விட்டான். சேலைக் கரைக்கு ஆகும் என்று வலைக்கண்ணைக் கட்டம் கட்டமாக மணலில் கீறிக் கொடுத்தவனும் அவன்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன். நம்ம வலை நல்ல தண்ணி காணாது வே. உப்புல பொறந்து உப்புலயே கெடக்கும்."

கடல்காரன் பெருமை பேசுகிறான் என்று அம்மையப்பன் நினைத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் பீர் மைதீன் நூலைத் தடவிப் பார்த்தார். "எங்க கோரை ஒரு வாரம் ஆத்துல ஊறாம தறிக்கு ஏறாது. இதையும் நனைச்சுப் பாத்துட்டு நெய்யும்."

"பட்டு என்ன கோரையா, சாயபு?"

சிரித்துவிட்டு வந்தான். ஒரே ஒரு நூலை நனைத்துப் பார்த்திருக்கலாம்.

கோமுவின் தகப்பனார் தாணுமாலையன் பிள்ளை பழுத்த சைவர். மீன் என்ற சொல்லே வீட்டுக்குள் வராது. அவரிடம் போய் வலைக் கொப்பரை என்று சொல்ல முடியுமா? "பொதிகை மலைப் பட்டை, அண்ணாச்சி. உசுரு போனாலும் சாயம் போவாது" என்று அடித்துவிட்டான். வலைக்கண்ணை ருத்திராட்சக் கட்டம் என்றான்.

பிள்ளை சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருபத்து நாலு வயது வரை வரன் தட்டிப்போன மகளுக்கு அகத்தியர் மலையே சீர் அனுப்பிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்.

குலவை கிளம்பியது. முதல் குடம் கோமுவின் தலையில் சாய்ந்தது.

மணையைச் சுற்றி மஞ்சள் ஓடியது. வெறும் மஞ்சள். அம்மையப்பனுக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது குடம். தண்ணீர் மடியில் இறங்கி, மணையில் படிந்து கிடந்த கீழ்க்கரையை நனைத்தது.

கோமு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மெல்லிய கோடாகச் சிவப்பு புறப்பட்டது.

மூன்றாவது குடத்தைத் தூக்கியவள் தூக்கினபடி நின்றுவிட்டாள். குலவை அறுந்தது.

"சாயமா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"பொதிகை மலைச் சாயம் போவுமாட்டி? உசுரு போனாலும் போவாதுன்னுல்லா பீத்துனாவ!" மாப்பிள்ளையின் தாய் வடிவம்மாள் ஓரடி பின்வாங்கினாள். "தூரமான பொண்ணையா மணையில ஏத்துனிய?"

மாப்பிள்ளை சட்டென்று எழுந்துகொண்டான்.

தீட்டை மறைத்து மங்கலச் சடங்கில் உட்கார்ந்தவள். அந்தப் பேர் விழுந்த பெண்ணை எந்தப் புகுந்த வீடு வைத்துக்கொள்ளும்?

"இல்ல அத்தே... சாயம்தான்" என்றாள் கோமு. அவள் கண் கூட்டத்தில் அலைந்து அம்மையப்பனிடம் வந்து நின்றது.

பிள்ளையும் திரும்பினார். "நீரு சொல்லும் வே. போவுமா?"

ஒரு சொல் போதும். அம்மையப்பன் வாயைத் திறந்தான். எங்கிருந்தோ அந்தக் கொப்பரையின் கவிச்சி மூக்கில் ஏறியது. எந்தச் சாயம் என்று அடுத்துக் கேட்பார்களே! எந்த ஊர், எந்தப் பாத்திரம் என்று கேட்பார்களே!

வாயை மூடிக்கொண்டான்.

பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. கையில் தயாராக வைத்திருந்த சால்வையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார். பிறகு நடந்து வந்து அதை அவன் தோளில் போட்டார்.

"மன்னிச்சுக்கிடும் வே" என்றார். "உம்ம சேலையப் பாழாக்கிட்டோம்."

கோமு இன்னும் மணையை விட்டு எழவில்லை.

அம்மையப்பன் சால்வை நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.