தினம் கால் சுற்று

"இன்னிக்குத் திருப்பிட்டீங்களாப்பா?"

நாசிக்கிலிருந்து மகள் ஜெனிட்டா தினமும் மாலை ஆறு மணிக்குக் கேட்பாள். அவள் மாமனார் குடும்பத்து ஒயின் ஆலையில் நுரை ஒயினுக்கு அதுதான் பழைய முறை. மரச்சட்டத்தில் தலைகீழாக நிற்கும் பாட்டிலைத் தினமும் கால் சுற்று திருப்பினால் கசடு கழுத்துக்கு இறங்கும். அப்படி ஒரு பாட்டிலைத்தான் சட்டத்தோடு சிட்லபாக்கத்தில் தனியாக இருக்கும் அப்பாவிடம் விட்டுப் போயிருந்தாள்.

"ஆச்சும்மா," என்றார் சவரிமுத்து.

"நாப்பது நாளாச்சு, தெளிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை நாங்க வந்து தொறக்கறோம்."

"ஐயோ, இப்ப வர வேணாம்மா! இன்னும் கலங்கலாத்தான் இருக்கு."

"அப்ப திருப்பிக்கிட்டே இருங்க. நாளைக்குக் கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு, காலியாக நின்ற மரச்சட்டத்தைத் துடைத்தார். பாட்டில் இரண்டாம் நாள் வெயிலிலேயே வெடித்துச் சிதறிவிட்டது. அதை அன்றே சொல்லியிருந்தால், மகளின் அடுத்த போன் கிறிஸ்துமஸுக்குத்தான் வந்திருக்கும்.