கொல்லைக் கதவு

"வந்துட்டான்டீ நாகலக்ஷ்மி, பாடை வந்துட்டான்!"

பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து காமு மாமிதான் குரல் கொடுத்தாள்.

நாகலக்ஷ்மி வாசல் பக்கம் ஓடினாள். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து பார்த்தாள். காளிகாட் சந்து முழுக்கக் காலைப் பனியும் கரிப்புகையும். அதற்கு நடுவே, அவள் வாசலுக்கு நேர் எதிரே, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் ஆள் அசையாமல் நின்றிருந்தான்.

சுந்தரேசன்தான்.

தலைநகரை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போன சமயம் அது. அதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால் கிடர்பூர் மெஸ் ஒன்றில் தமிழ்க் குமாஸ்தா ஒருத்தன் செத்துப்போய், தூக்க நாலு தோள் கிடைக்காமல் பகல் முழுக்கக் கிடந்தானாம். அந்த வெட்கத்தில் பிறந்தது நம்மவர்களின் சகாய சபை. அதற்குக் காரியதரிசி, காரியக்காரன் எல்லாம் இந்தச் சுந்தரேசன்தான். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவன் போய் நிற்கிற வாசலில் மறுநாள் பாடை கட்டுகிறார்கள் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. மோப்பம் பிடித்து வருகிறான் என்றார்கள். சாவுதான் அவனை முன்னால் அனுப்புகிறது என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் போய், 'பாடை' என்பதே பேராகிவிட்டது.

உள்ளே பாயில் நாலு வயசு விஜயம் சுருண்டு கிடந்தாள். விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியும். டாக்டர் பாபுவை அழைக்கப் போன அகத்துக்காரர் மஹாதேவன் இன்னும் திரும்பவில்லை.

"நான் என்ன மாமி பண்ணுவேன்?"

"உள்ளே விட்டுடாதே! ஆவணியிலே எங்க அம்பிக்கு வந்தப்போ எங்காத்து வாசல்லேயும் இப்படித்தான் நின்னான். விடுவேனா நான்? சாணித் தண்ணியைக் கரைச்சுத் தலையிலே கொட்டினேன். அதான் அம்பி பொழைச்சான்."

நாகலக்ஷ்மி சாணியைக் கரைத்தாள். வாளியும் கையுமாக வாசல் கதவைத் திறந்தாள்.

பனிக்குள் நின்றவன் நகரவில்லை. "கொழந்தை தண்ணி கேக்கறதா, நிறுத்திடுத்தா?" என்று மட்டும் கேட்டான்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அப்படியே உள்ளே ஓடினாள். விஜயம் தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டுத்தான் இருந்தாள். கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்து, தொட்டால் சில்லென்றிருந்தது. சாவுதான் வந்து நிற்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் தவிர வேறு யார் வந்தார்கள் இந்த வாசலுக்கு?

"உள்ளே வாங்கோ" என்றாள் நாகலக்ஷ்மி.

காமு மாமியின் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

அவன் கையைத் தேய்த்துக் கழுவினான். வெந்நீர் வைக்கச் சொன்னான். கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டு, பாலாடைச் சங்கால் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டினான். குழந்தை கக்கினால் துடைத்தான், மறுபடியும் புகட்டினான். ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. டாக்டர் கிடைக்காமல் வெறுங்கையோடு வந்த மஹாதேவன், அவனைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"பயப்படாதீங்கோ ஸார். பொணம் தூக்கறது சபையோட ரெண்டாவது வேலை. மொதல் வேலை இதுதான்" என்றான் சுந்தரேசன், திரும்பிப் பார்க்காமலே.

அக்கம்பக்கத்து வங்காளி வீடுகளில் அந்திச் சங்கு ஊதும்போது விஜயம் கண்ணைத் திறந்தாள். "அம்மா, பசிக்கறது."

நாகலக்ஷ்மி ஓவென்று அழுதுவிட்டாள். அவன் காலில் விழப் போனாள். அவன் விலகிக்கொண்டு போர்வையை எடுத்தான்.

"கொல்லைக் கதவு எந்தப் பக்கம் மாமி?"

"ஏன், வாசல் வழியாவே போங்களேன்!"

"பொழைச்ச ஆத்திலேர்ந்து என்னைக் கொல்லை வழியாத்தான் அனுப்புவா. பொணம் தூக்கற நான் உள்ளே வந்தது தெரிஞ்சா அந்தாத்திலே யாரும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாளே!" அவன் சிரித்தான். "காமு மாமியாத்துக் கொல்லைக் கதவு எனக்குப் பழக்கம். உங்காத்துதுதான் தெரியலே."

அவள் முன்னால் நடந்தாள். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள்.

ஒரு வாரம் போயிற்று. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சுப்புலக்ஷ்மி கேட்டாள். சின்னப் பெண், கல்யாணமாகி ஊரிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாள்.

"மாமி, உங்காத்து வாசல்லே அந்த ஆள் நின்னானாமே? நெஜமா?"

காமு மாமி துணி பிழிவதை நிறுத்திவிட்டு நாகலக்ஷ்மியையே பார்த்தாள்.

நாகலக்ஷ்மிக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தை மாசம் நாத்தனாருக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வந்து இந்த ஆத்தில்தானே கை நனைக்க வேண்டும்?

"நின்னான். விடுவேனா நான்? சாணித் தண்ணியைக் கரைச்சுத் தலையிலே கொட்டினேன். அதான் கொழந்தை பொழைச்சுது" என்றாள்.

காமு மாமி மறுபடியும் துணி பிழியத் தொடங்கினாள்.

அந்த வாரமே எதிர் வீட்டுக்குள்ளும் வாந்திபேதி நுழைந்தது. சாயங்காலம் சங்கு ஊதுகிற நேரத்தில், சுப்புலக்ஷ்மியின் வாசல் வழியாகச் சுந்தரேசன் வெளியே வந்தான். தோளில் பாடை. பாடையில் அவள் புருஷன் வெங்கடராமன். உள்ளே அந்தப் பெண் அலறுகிற அலறல் சந்துக் கோடி வரை கேட்டது.

"பாத்தியா? காலம்பற வந்து நின்னான், பொழுது சாயறதுக்குள்ளே பிராணன் போயிடுத்து!" என்றது தெரு.

நாகலக்ஷ்மி ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். பாடை அவள் வாசலைக் கடந்தபோது சுந்தரேசனைப் பார்த்தாள். அவன் போர்வையில் அந்தப் பெண் கொட்டிய சாணித் தண்ணி இன்னும் காயவில்லை.